நான் மொராக்கோவாக இருந்த மாதங்கள்

நமக்கெல்லாம் பெயர் இல்லாமல் போன ஒரு பருவம் இருந்தது. உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காலாண்டு விடுமுறை முடிந்து வந்த அன்று தொடங்கி அரையாண்டுப் பரீட்சை வரைக்கும், ஆறாம் வகுப்பின் அந்தக் கடைசி அறையில், ஓடு உடைந்து வெயில் ஒரு தட்டு அளவுக்கு வட்டமாக விழுகிற அறையில், டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து உலகத்தைக் கூப்பிடுவார்.

“ஜப்பான்?”

“உள்ளேன் டீச்சர்.”

“பிரேசில்?”

“பிரேசிலுக்கு அம்மை போட்டிருக்குது டீச்சர்.”

“ஜெர்மனி?”

“ஜெர்மனி ஒண்ணுக்குப் போயிருக்கான் டீச்சர்.”

சென்ற மாதம் ஆம்பூர் கடைவீதியில், பிரியாணி அண்டாவைத் திறந்த ஆவிக்கு அந்தப் பக்கம் ஒரு வழுக்கைத் தலை தெரிந்தது. வாய் தன்னால் திறந்து, “ஏய் ஜப்பான்!” என்று கத்திவிட்டேன். அவனும் சட்டென்று திரும்பினான். அவன் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவனுடைய உண்மையான பெயரைச் சொல்லிச் சமாளிக்கலாம் என்றால், அது எனக்கு அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. அவனுக்கும் என் பெயர் வரவில்லை. “மொராக்கோ! நல்லா இருக்கியா?” என்றான், பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே.

அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்காக. அதாவது, உலகத்துக்காக.

டீச்சர் அந்த வருடம்தான் நம் பள்ளிக்கு வந்திருந்தார். காட்பாடியிலிருந்து காலை ரயில். ரயில் தாமதமானால் முதல் பாடவேளை நமக்குத் திருவிழா. மூச்சிரைக்க உள்ளே வந்தவர், ஒரு நாள், சமூக அறிவியல் புத்தகத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். “இதுல இருக்கிறது பரீட்சைக்கு. உலகம் வேற. அதை நாமளே செஞ்சு பாக்கலாம்” என்றார். உலகத்தைச் செய்வதா? அடை தட்டுவது மாதிரியா? நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

எவர்சில்வர் டிபன் பாக்ஸில் சீட்டுகள் போட்டுக் குலுக்கினார். கை விட்டு எடுத்தால் சீட்டில் எலுமிச்சை சாத வாசனை. எடுத்த நாடுதான் அரையாண்டுவரை நம் பெயர். அந்த நாட்டுக்காரர்கள் என்ன உடுத்துவார்கள், என்ன சாப்பிடுவார்கள், பார்த்தால் என்ன சொல்லிக் கும்பிடுவார்கள், எல்லாம் கண்டுபிடித்து வர வேண்டும். கடைசியில் ஒரு நாள், பள்ளி மைதானத்தில் உலக வரைபடத்தைப் பெரிதாகப் போட்டு, பெற்றோர்கள் முன்னால் அவரவர் நாட்டில் அவரவர் நிற்க வேண்டும்.

என் சீட்டைப் பிரித்தேன். மொராக்கோ.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆப்பிரிக்கா என்ற சொல் தெரிவதற்கு முன்பே எனக்கு அந்தச் சொல் தெரியும். அப்பா வேலை செய்த தோல் ஷாப்பில், அதாவது தோல் ஆலையில், பதனிட்ட தோலுக்கு மெருகு போடுகிற பகுதியில், அது அன்றாடம் புழங்கும் சொல். “இன்னிக்குப் பூரா மொராக்கோ. கையே விட்டுப்போச்சு” என்று சொல்லிக்கொண்டே சைக்கிளைச் சுவரில் சாய்ப்பார். மேலே சின்னச் சின்னப் புள்ளிகள் புடைத்த ஆட்டுத்தோல். பர்ஸ் செய்யவும் தடிமனான புத்தகங்களுக்கு அட்டை போடவும் ஆகும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பதில்லையா, அதுபோல ஒரு தோலும் ஒரு நாடும் இருக்கலாம் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன்.

ஆனால் அந்த நாடு எப்படி இருக்கும் என்று பார்க்க வழியில்லை. நம் வகுப்பின் சுவர் வரைபடத்தை நினைத்துப் பாருங்கள். துணியில் ஒட்டிய பழைய காகிதம். சுருட்டிச் சுருட்டி, மடிப்பு விழுந்த இடத்தில் ஓட்டையாகிவிட்டிருந்தது. அந்த ஓட்டை ஆப்பிரிக்காவின் இடது தோளில், சரியாக என் நாட்டில் விழுந்திருந்தது. மேலே ஸ்பெயின் இருந்தது, வலது பக்கம் அல்ஜீரியா இருந்தது, நான் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையடித்த சுவர் இருந்தது. எல்லோரும் தங்கள் நாட்டின் மேல் எண்ணெய்க் காகிதம் வைத்து வரைந்தபோது நான் ஒரு ஓட்டையின் விளிம்பை வரைந்துகொண்டேன். வரைந்த பிறகு அது எனக்குப் பிடித்துப்போயிற்று. பார்த்த நாடுகளில் என்ன இருக்கிறது? பார்க்காத நாட்டில்தான் எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஸ்பெயின் என் தோழி. டீச்சர் ஒரு நாள் சாக்கட்டியால் மைதானத்தில் ஒத்திகைக்குக் கோடு போட்டு எங்களை நிற்க வைத்தபோது, எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு சாண் கடல்தான். கையை நீட்டினால் விரல்கள் தொட்டன. “ஆப்பிரிக்காவும் ஐரோப்பாவும் தொட்டுக்கிட்டாச்சு!” என்று டீச்சர் கை தட்டினார். அந்த இடத்தில், பெற்றோர்கள் முன்னால், ஸ்பெயினின் விரலைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அந்தப் பருவம் முழுக்க எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அப்பாவிடம் சொன்ன இரவு உணவு நினைவிருக்கிறது.

“டீச்சரு இன்னா நாடு குடுத்தாங்க?”

“மொராக்கோப்பா.”

தட்டில் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. “இன்னாது?”

“மொராக்கோ.”

“அது தோலு.”

“நாடுப்பா.”

“ஆட்டுத்தோலுமா. இத்தினி வருஷமா நான் இன்னா, நாட்டையா தேய்ச்சுன்னு இருக்கேன்?”

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. “பக்கத்து வூட்டுப் பையனுக்கு இன்னா குடுத்தாங்க?”

“ஜப்பான்.”

“ரேஷன் கடைக்காரரு பையனுக்கு?”

“ஜெர்மனி.”

“ம்” என்றார் அப்பா.

“சீட்டுதான்பா எடுத்தோம்.”

“எல்லாரும் சீட்டுதான் எடுத்தீங்க. உனக்கு மட்டும் தோலு வந்துச்சு.” பிறகு அம்மாவைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, “அந்த டீச்சரம்மா நம்ம ஷாப்பு கேட்டாண்ட போறப்போ முந்தானையால மூக்கப் பொத்திக்கினு போவுது. நான் பாத்திருக்கேன்” என்றார்.

அது உண்மை. நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ரயில் நிலையத்துக்கு எதிரே பூக்கடையைத் தாண்டும்போதும் டீச்சர் அப்படித்தான் மூக்கைப் பொத்திக்கொள்வார். மல்லிகைக்கு யாராவது மூக்கைப் பொத்துவார்களா என்று ஸ்பெயினும் நானும் வியந்திருக்கிறோம். அரையாண்டுக்குப் பிறகு டீச்சர் விடுப்பில் போனார், திரும்பி வரவில்லை. அடுத்த கோடையில் காட்பாடி நிலையத்தில் இடுப்பில் கைக்குழந்தையோடு அவரைப் பார்த்ததாக ஸ்பெயின் சொன்னாள். நானே என் மகளை வயிற்றில் சுமந்து, எண்ணெய் தாளிக்கும் வாசனைக்கும் முந்தானையைத் தேடிய நாட்களில்தான் அந்தப் பூக்கடை எனக்கு விளங்கிற்று. அப்பாவிடம் போய்ச் சொல்ல அப்போது அப்பா இல்லை.

எத்தனை வேலைகள் செய்தோம் அந்த மாதங்களில்! ஷூ பெட்டி அட்டையை வெட்டிக் கடவுச்சீட்டு செய்தோம். என்னுடையதன் உட்பக்கத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரரின் கால் அளவு அச்சாகியிருந்தது. எந்த வீடு மாறும்போது அது தொலைந்தது என்று தெரியவில்லை. ஒரு பெஞ்சிலிருந்து இன்னொரு பெஞ்சுக்குப் போக முத்திரை வேண்டும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, மையில் தொட்டுக் குத்தினால் பூ மாதிரி விழும். ஜெர்மனி கறாரான ஆள். கமர்கட் கொடுத்தால்தான் வெண்டைக்காயைக் கையில் எடுப்பான். பிரேசில் பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்து வகுப்பு முழுக்க மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். ஜப்பான் கொண்டுவந்த சோற்றுருண்டை, அவன் அம்மா பொங்கலில் மிளகு போட மறந்தது என்று பிறகு தெரிந்தது.

ஒரு நாள் டீச்சர் ஒரு சாத்துக்குடி கொண்டுவந்தார். அதன்மேல் பேனாவால் கண்டங்களை வரைந்தார். நகத்தால் கீறி, தோலை முழுசாக உரித்து, மேசைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். தோல் நான்கு பக்கமும் வெடித்தது. அறை முழுக்கப் புளிப்பும் கசப்பும் கலந்த வாசனை. “பாத்தீங்களா? உருண்டையைத் தட்டையாக்க முடியாது. அதனால எல்லா வரைபடமும் கொஞ்சம் பொய்தான்.”

எனக்கு அது பொறுக்கவில்லை. அப்பாவுக்குச் சோறு எடுத்துப்போகும்போது நான் பார்த்திருக்கிறேன். ஈரத்தோலைப் பலகைமேல் போட்டு, ஓரம் பூராவும் இழுத்து இழுத்து ஆணி அடிப்பார்கள். குண்டும் குழியுமாக இருந்தது மறுநாள் கண்ணாடி மாதிரி கிடக்கும்.

“ஆணி அடிச்சா விரியும் டீச்சர்” என்றேன் எழுந்து. “வயித்துப் பக்கம் ஜாஸ்தி இழுக்கும். முதுகு இழுக்காது.”

வகுப்பே சிரித்தது. நீங்கள்தான் சிரித்தீர்கள். டீச்சர் நான் வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார். “இது கிளாஸா, தோல் ஷாப்பா? உக்காரு.”

சந்தைக்குப் பக்கத்தில் இருந்த பள்ளியாக இருந்திருந்தால் ‘சந்தையா?’ என்று கேட்டிருப்பார். அவ்வளவுதான் அதில் இருந்தது. இப்போது என் மகள் கைப்பேசியில் இரண்டு விரலால் உலகத்தை அகட்டிக் காட்டுகிறாள். உச்சியில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாகப் பரந்து கிடக்கிறது. இழுத்து ஆணி அடித்த வயிற்றுப்பக்கத் தோல், வேறென்ன? அன்று அதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உட்கார்ந்தேன். காது சுட்டது.

அன்று மாலையே ஜப்பான் எங்கள் வீட்டு வாசலில் நின்றான். அவன் வாயில் எது நின்றது? “மாமா, டீச்சர் இவளை தோல் ஷாப்புன்னு திட்டுனாங்க!”

மறுநாள் அப்பா அரை நாள் விடுப்புப் போட்டார். இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்தார். கிறிஸ்துமஸுக்கு எடுத்து வைத்திருந்த சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டார். மதியம், நாம் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்த நேரம், வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

“வணக்கம் டீச்சர். நான் இவ அப்பா.”

“வாங்க சார்.”

அப்பாவை யாரும் ‘சார்’ என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை போல. அதையும் சந்தேகத்தோடுதான் வாங்கிக்கொண்டார்.

“இவளுக்கு ஒரு நாடு குடுத்திருக்கீங்களாமே.”

“ஆமா, மொராக்கோ. ரொம்ப அழகான நாடு.”

“எங்க இருக்குது அது?”

டீச்சர் குச்சியை எடுத்துக்கொண்டு உற்சாகமாகத் திரும்பினார். குச்சி ஆப்பிரிக்காவின் மேல் ஏறி, இடது தோளுக்குப் போய், அந்த ஓட்டையில் நின்றது. “இங்க... இங்கதான் சார் இருக்கும்.”

“சுவரு தெரியுது டீச்சர்.”

டீச்சர் சிரித்துவிட்டார். பதற்றத்தில் வருகிற சிரிப்பு. அந்த வயதில் எனக்கே அது தெரிந்தது. அப்பாவுக்குத் தெரியவில்லை.

“கேலி பண்றதுனா என்னைப் பண்ணுங்க. புள்ளைய வெச்சு வேணாம்.”

“யாரு சார் கேலி பண்ணாங்க? பிடிக்கலைன்னா சொல்லுங்க, வேற நாடு தரேன்.” டிபன் பாக்ஸைத் திறந்து, மிஞ்சிக் கிடந்த சீட்டுகளில் ஒன்றை எடுத்துப் பிரித்தார். “இந்தாங்க. ஸ்வீடன்.”

அப்பாவின் முகம் கறுத்தது. “ஸ்வேடா?”

“ஸ்வீடன்.”

“அதுவும் அதே ஜாதிதானே டீச்சர்!”

ஸ்வேடு என்றால் உள்பக்கத்தைத் தேய்த்துப் பூனைமுடி மாதிரி ஆக்கிய தோல். அதுவும் அப்பா கைப்பட்டது. தோலின் வகையை அவர் ஜாதி என்றுதான் சொல்வார். மாம்பழத்துக்குச் சொல்வதில்லையா, அப்படி. ஆனால் டீச்சரின் காதில் அந்தச் சொல் வேறு மாதிரி விழுந்தது. அவர் நிமிர்ந்தார்.

“கிளாஸ்ல ஜாதியெல்லாம் பேசாதீங்க சார்.”

“நானா பேசுறேன்?” அப்பாவின் குரல் உடைந்துபோய் வந்தது. “நானா ஆரம்பிச்சேன்?” என்னைப் பார்த்தார். “அன்னிக்கு இவ நிக்க மாட்டா.”

போய்விட்டார். நாங்கள் அறையில் நின்றோம். ஒரு தட்டு வெயில் டீச்சரின் செருப்புமேல் கிடந்தது. “உங்கப்பாவுக்கு என்னம்மா கோபம்? பொண்ணு நாலு பேர் முன்னாடி நிக்கக் கூடாதுன்னு நினைக்கிறாரா?” என்று கேட்டார் டீச்சர். நான் சொல்லியிருக்கலாம். மொராக்கோ என்றால் தோல், ஸ்வேடு என்றால் தோல் என்று. ஆனால் ‘இது கிளாஸா’ என்று கேட்டாகிவிட்டதே. அந்த அறையில் தோல் என்ற சொல் எனக்கு வாயில் வரவில்லை.

பிறகு ஸ்பெயினும் நானும் துப்பறியக் கிளம்பினோம். மொராக்கோ ஒரு நாடுதான் என்று அப்பா நம்பும்படி யாராவது சொல்ல வேண்டும். டீச்சர் சொன்னால் நம்ப மாட்டார். முதலில் தோல் ஷாப்பின் பேக்கிங் கொட்டகைக்குப் போனோம். பெட்டிகள்மேல் ஊர்ப்பெயரை மையால் தீட்டுகிற அண்ணனைக் கேட்டோம்.

“அண்ணா, மொராக்கோவுக்குப் பெட்டி போவுதா?”

“மொராக்கோ போவுது.”

“எங்க போவுது?”

“ஜெர்மனிக்கு.”

“அய்யோ, மொராக்கோ ஜெர்மனிக்குப் போறது இல்லண்ணா. மொராக்கோவுக்கு இன்னா போவுதுன்னு கேக்குறோம்.”

“மொராக்கோவுக்கு எதுக்குமா இன்னொண்ணு போவும்? பைத்தியமா நீங்க?”

இது எப்படியோ ஜெர்மனிக்கு எட்டிவிட்டது. வாரம் முழுக்க, “பெட்டியில படுத்துக்கினு என் நாட்டுக்குத்தான் வரப்போற” என்று என்னைப் படுத்தி எடுத்தான். ஜெர்மனி, இதைப் படித்தால் ஒரு கமர்கட் அனுப்பு.

கடைசியில் எதிர்வீட்டு பாய். பச்சைத்தோல் மண்டியில் தரகர். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர். சாயங்காலம் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, ரேடியோவைக் காதோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்பா யார் பேச்சையும் எதிர்த்துப் பேசுவார், பாய் சொன்னால் மட்டும் கடைசியில் கேட்டுக்கொள்வார்.

“மொராக்கோவா? அப்டி ஒரு ஊரு நான் கேட்டதில்ல பேட்டி” என்றார். பேட்டி என்றால் அவர் பேச்சில் மகளே.

எனக்கு அழுகை வந்தது. ஸ்பெயின் விடவில்லை. டீச்சர் சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்தாள். “அங்க தொப்பிய சட்டையோடவே சேர்த்துத் தைச்சிருப்பாங்களாம் தாத்தா. டீயில புதினா போடுவாங்களாம்.”

பாய் ரேடியோவை அணைத்தார். “அரே, மராக்கஷ்! மராக்கஷ்ஷயா சொல்றீங்க? மதினாவுல என் பக்கத்துல தங்கியிருந்தாங்களே! அந்தப் புதினா டீய எனக்கும் குடுத்தாங்க. சக்கரை ரொம்ப ஜாஸ்தி.”

அன்று அப்பா சைக்கிளிலிருந்து இறங்குவதற்குள் பாய் கூப்பிட்டுவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

“தம்பி, அது நாடுதான். நானே அந்த ஆளுங்களோட உக்காந்து சாப்ட்டிருக்கேன். மராக்கஷ்.”

“மராக்கஷ் நாடு, சரி பாய். இது மொராக்கோ. இது தோலு.”

“ரெண்டும் ஒண்ணா இருந்தா?”

“அது எப்டி பாய் ஒண்ணா இருக்கும்? எவனாவது நாட்டுக்குத் தோல் பேர வெப்பானா?”

  நாட்டின் பெயரைத்தான் தோலுக்கு வைத்தார்கள் என்பதும், உருதுவில் மொராக்கோவின் பெயரே மராக்கஷ் என்பதும், ஸ்வேடு என்ற சொல்லே ஸ்வீடனிலிருந்துதான் வந்தது என்பதும், பெரியவளாகி ஒரு அகராதியில் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்த செய்திகள். அன்று அந்தத் தெருவில் மூன்று பேர் மூன்று துண்டு உண்மையை வைத்துக்கொண்டிருந்தார்கள். யாருடைய துண்டும் யாருடையதோடும் பொருந்தவில்லை.

“அப்ப ஒண்ணு செய்யி” என்றார் பாய். “மராக்கஷ்னே நிக்க வை. பேஜார் வுட்டுச்சு.”

அப்பா சைக்கிள் மணியைத் தட்டாமல் விரலால் தடவினார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, நான் கதவுக்குப் பின்னால் இருப்பது தெரிந்தவராகச் சொன்னார்: “அந்தப் பேர்ல கூப்ட்டா நில்லு. மொராக்கோன்னு ஒரே ஒரு தடவ கூப்ட்டாலும் வந்து கையப் புடிச்சுக் கூட்டினு போய்டுவேன்.”

அம்மா அதற்கு முன்பே அங்கியைத் தைத்து வைத்திருந்தாள். பழைய பழுப்புப் போர்வையில், பின்னால் தொப்பி தொங்க. “நிக்கலைன்னா இன்னா? மழைக்கு ஆவும்” என்றாள்.

டீச்சரிடம் போய், என்னை மராக்கஷ் என்று கூப்பிட வேண்டும் என்றேன். அவர் விசித்திரமாகப் பார்த்தார். காரணம் கேட்கவில்லை. “சரி” என்றார். பதிவேட்டில் அடித்துத் திருத்தினார்.

அந்த நாளுக்கு முந்திய மாலை கடல் செய்தோம், ஞாபகம் இருக்கிறதா? பாலாற்றில் தண்ணீர் இல்லை, மணல் இருந்தது. பையில் அள்ளி வந்து, சொட்டு நீலத்தைக் கலந்து, கையாலேயே பிசைந்தோம். மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் போட்ட கோடுகளுக்கு வெளியே அந்த நீல மணலைப் பரப்பினோம். பாலாறு பசிபிக் ஆனது, பாலாறு அட்லாண்டிக் ஆனது. ஸ்பெயினுக்கும் எனக்கும் நடுவே இருந்த ஒரு சாண் கடலை நான் மட்டும்தான் பரப்புவேன் என்று சண்டை போட்டேன். நம் உள்ளங்கைகள் ஒரு வாரம் நீலமாக இருந்தன.

மறுநாள் கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். அன்று ஷாப்புக்கெல்லாம் விடுமுறை. அப்பாவோடு வேலை செய்கிறவர்கள் குடும்பத்தோடு வந்து மைதானத்தைச் சுற்றி நின்றார்கள். அப்பா மேற்கு ஓரத்தில், வெள்ளை வேட்டியில், கைகளைக் கட்டிக்கொண்டு தனியாக நின்றார். நான் அங்கியில் வேர்த்துக் கொட்ட என் கோட்டுக்குள் நின்றேன். டீச்சர் மைக்கைப் பிடித்து வாசிக்கத் தொடங்கினார். “ஜப்பான்!” ஒரு கைதட்டல். “பிரேசில்!” இரண்டு கைதட்டல். பாதியில் தலைமையாசிரியர் எழுந்து வந்தார். மைக் இருக்கும் இடத்தில் தான் இல்லாமல் இருப்பது அவருக்கு எப்போதும் கஷ்டம். “நீங்க இருங்க, நான் வாசிக்கிறேன்” என்று மைக்கை வாங்கிக்கொண்டார். அவர் சட்டைப்பையில் இருந்தது திருத்துவதற்கு முந்திய பட்டியல்.

“ஸ்பெயின்!” என்றார். என் தோழி, ஸ்பானியப் பெண்கள் மாதிரி கொண்டையில் செருகிய பெரிய சீப்போடு குனிந்து வணங்கினாள்.

டீச்சர் எதையோ உணர்ந்து கையை நீட்டினார். அதற்குள் ஒலிபெருக்கி கத்திவிட்டது.

“மொராக்கோ!”

 எங்கிருந்தோ ஒரு விசில்.

“டேய், நம்ம சரக்குடா!”

“மொராக்கோவுக்கு நாடு கீதாடா?”

“கீது, நிக்குது பாரு, தொப்பி போட்டுக்கினு!”

“மெருகு சரியா ஏறியிருக்குதா பாருப்பா!”

சிரிப்பு. நாலாபக்கமும் சிரிப்பு, விசில், கைதட்டல். ஜெர்மனிக்குக்கூட அவ்வளவு விழவில்லை. அங்கே நின்றவர்களில் ஜப்பானை யாரும் பார்த்ததில்லை, பிரேசிலை யாரும் தொட்டதில்லை. மொராக்கோ மட்டும் அத்தனை பேர் கையிலும் கிடந்த நாடு. பேக்கிங் அண்ணன் ஒரு பெஞ்சின்மேல் ஏறி, “இன்னொரு தபா கூப்டு சார்!” என்று கத்தினார்.

டீச்சர், பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவிடம், “என்ன சொல்றாங்க? எதுக்குச் சிரிக்கிறாங்க?” என்று கேட்டது எனக்குக் கேட்டது.

“தோலு பேரு டீச்சர். மொராக்கோ. இங்க எல்லாரும் செய்யறதுதான். ஸ்வேடு, மொராக்கோ...”

“ஸ்வேடா?” என்றார் டீச்சர். கை வாய்க்குப் போனது. கண்கள் கூட்டத்தில் தேடின.

அப்பா ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தார். சொன்னதைச் செய்கிற ஆள் அவர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னைப் பார்த்து வந்தார்.  ஸ்பெயின் கடலுக்கு மேலாகக் கையை நீட்டி என் விரல்களை இறுக்கிப் பிடித்தாள். வழியில் ஒருவர் அப்பாவின் தோளில் ஓங்கித் தட்டினார். “உன் பொண்ணாபா? சொல்லவே இல்லியே! நம்ம பேருல ஒரு நாட்டையே புடிச்சுடுச்சு!” அப்பா நின்று அவரைப் பார்த்தார். அந்த முகத்தில் கேலியைத் தேடினார். இன்னொருவரைப் பார்த்தார். விசில் அடித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் அவரோடு நின்று தோல் தேய்க்கிறவர்கள்.

டீச்சர் ஓடி வந்து எனக்குப் பக்கத்தில், சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே நின்றார்.

“சார், எனக்குத் தெரியாது சார். சத்தியமா தெரியாது.”

 அப்பா இன்னும் இரண்டு எட்டு வைத்தார். அப்போது ஜப்பான், இருந்த இடத்திலிருந்து, மைக் இல்லாமலே ஊருக்குக் கேட்கிற மாதிரி அலறினான்.

“டீச்சர்! மாமா கடல்ல நிக்கிறாரு!”

அப்பா குனிந்து பார்த்தார். கணுக்கால்வரை நீல மணல். சுற்றிலும் அட்லாண்டிக். மைதானம் சிரித்தது. அவர் நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார். பிறகு வெள்ளை வேட்டியின் இரு முனைகளையும் முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார், ஆற்றில் இறங்குகிறவர் மாதிரி.

“ஆழம் ஜாஸ்தியா டீச்சர்?”

“கம்மிதான் சார். வாங்க.”

அப்பா கடலைக் கடந்து வந்து, தலைமையாசிரியர் உலகத்தை வாசித்து முடிக்கும்வரை, மொராக்கோவில் என் பக்கத்தில் நின்றார்.